அந்தக் கல்லில் இருப்பது யார் கை, அக்கா?

படத்தில் மட்டுமே பார்த்துப் பழகிய என் அமுதா அக்காவுக்கு,

வளர்மதி எழுதுகிறேன். நாம் இருவரும் நேரில் பார்த்துக்கொண்டதே இல்லை. காய்ச்சல் உங்களைக் கொண்டுபோய் மூன்று வருடம் கழித்து, அரியலூரில் உங்கள் வீட்டுக்கு இரண்டாவதாக வாழ வந்தவள் நான். வயதைப் பார்த்தால் நான்தான் பெரியவள். நீங்கள் இருபத்தொன்பதோடு நின்றுவிட்டீர்கள். எனக்கு முப்பத்து நாலு நடக்கிறது. ஆனாலும் அந்த வீட்டுப் படியை முதலில் மிதித்தவர் நீங்கள். அதனால் அக்கா.

கல்யாணத்துக்கு முன்னால் உங்கள் படத்துக்கு எதிரே புடவை வைத்து, பூ வைத்து, படையல் போட்டார்கள். "மூத்தவகிட்ட உத்தரவு கேட்டுக்கம்மா" என்றார்கள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை. அதன் பிறகும் எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன், சமையலறையில், துணி காயப்போடும்போது, நான் வேலை பார்க்கும் மருந்துக் கடைக்கு நடந்து போகும்போது. ஒரு பதிலும் கிடையாது. சரி, எழுதியாவது பார்ப்போம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் வீட்டுச் சேதி. யாழினி நாலாவது படிக்கிறாள். முன்பல் இரண்டும் விழுந்து முளைத்துவிட்டன, கொஞ்சம் பெரிதாகவே. கணக்கு வரவில்லை. பேச்சு நன்றாக வருகிறது. தலை வாரும்போது இரண்டு நிமிடம் நிற்க மாட்டேன் என்கிறாள். உங்களிடமாவது நின்றாளா? என்னை 'வளரம்மா' என்று கூப்பிடுகிறாள். அவளாகவே வைத்த பெயர்தான். வெறும் 'அம்மா' என்றால் அது நீங்கள். அதில் எங்களுக்குள் எந்தத் தகராறும் இல்லை. இருந்ததில்லை, இந்தப் பொங்கல் வரைக்கும்.

அவர் சிமெண்ட் ஆலையில் அதே ஷிப்டில்தான் இருக்கிறார். அவர் என்றால் யாரென்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 'உங்கள் வீட்டுக்காரர்' என்று எழுதினால் எனக்கு ஒரு மாதிரி இருக்கிறது. 'என் வீட்டுக்காரர்' என்று உங்களிடமே எழுதினால் அது வேறு மாதிரி இருக்கிறது. அவர் என்றே இருக்கட்டும்.

விஷயத்துக்கு வருகிறேன்.

அரையாண்டுத் தேர்வு முடிந்து லீவு விடும்போது யாழினியின் டீச்சர், லீவில் தாத்தா பாட்டிக்கு உங்கள் கையாலேயே ஏதாவது செய்து பொங்கலுக்குக் கொடுங்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். கடையில் வாங்கியது கூடாதாம். மற்ற பிள்ளைகள் வாழ்த்து அட்டை, பாசிமணித் தோரணம் என்று முடிவு செய்துவிட்டார்கள். நம் பிள்ளைக்கு அது போதவில்லை.

அதற்கு ஒரு மாதம் முன்னால்தான் பள்ளியிலிருந்து அவர்களை ஊருக்கு வெளியே இருக்கும் மியூசியத்துக்குக் கூட்டிப் போயிருந்தார்கள். நம் ஊர் ஒரு காலத்தில் கடலாக இருந்தது, அந்தக் கடலில் இருந்த நத்தையும் சிப்பியும் கல்லில் அப்படியே பதிந்து கிடக்கின்றன என்று அங்கே காட்டியிருக்கிறார்கள். வந்ததிலிருந்து அதே பேச்சுதான். லீவு விட்ட அன்று சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் திடீரென்று கேட்டாள்.

"அப்பா, நத்தை செத்துப்போச்சு, ஆனா அதோட அச்சு இருக்குல்ல?"

"ஆமா."

"அம்மாவோட அச்சு எங்கயாச்சும் இருக்கா?"

அவர் என்னைப் பார்த்தார். நான் ரசத்தைப் பார்த்தேன். "போட்டோ இருக்கேம்மா" என்றார் அவர்.

"போட்டோ இல்லப்பா. அச்சு. தொட்டா குழியா இருக்குமே, அது."

இல்லை என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. அவள் உடனே, உங்களைப் பெற்ற செந்துறை தாத்தாவுக்கும் அம்மாயிக்கும் தான் ஒரு கல் செய்து கொடுக்கப் போவதாகச் சொன்னாள். அதில் நம் வீட்டு ஆட்கள் எல்லாருடைய கையும் இருக்குமாம். தாத்தாவும் அம்மாயியும் செத்து, அப்பா செத்து, தானும் செத்து, இந்த ஊர் மறுபடி கடலாகி வற்றினாலும் அந்தக் கைகள் இருக்குமாம். சாப்பிடும்போது என்ன பேச்சு என்று அதட்டினேன். அவர் சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

வாரலீவு அன்று சிமெண்ட் கொண்டுவந்தார். மணலை யாழினி என் மாவுச் சல்லடையில் சலித்துவிட்டாள். அந்தச் சல்லடை இனிமேல் மணலுக்குத்தான். பழைய டீ டிரேயில் பாலித்தீன் தாளை விரித்துக் கலவையை ஊற்றினார்கள். கை எரியாமல் இருக்க எல்லாருக்கும் முழங்கை வரை தேங்காய் எண்ணெய் தடவச் சொன்னார். பதம் வந்ததும் வலது ஓரத்தில் அவர் கையை அழுத்தினார். நடுவில் யாழினி வைத்தாள். இடது ஓரம் காலியாக இருந்தது. நானும் எண்ணெய் தடவிய கையோடு பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"வளரம்மா, அங்க வேணாம்" என்றாள் யாழினி. "அது அம்மாவுக்கு."

அதட்டலாகச் சொல்லவில்லை, அக்கா. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்கு ஆள் வருது என்று சொல்வோமே, அந்த மாதிரி. நான் கையை எடுத்து முந்தானையில் துடைத்துக்கொண்டேன். "என் கைய எங்கம்மா வைக்கிறது?" என்று சும்மா கேட்டேன். அவள் டிரேயைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, உண்மையாகவே வருத்தப்பட்டு, "எடமே இல்லையே" என்றாள்.

அந்தக் கல் தேறவில்லை. தண்ணீர் கூடிப்போயிருக்கிறது. காய்ந்ததும் அவர் கைக்கும் அவள் கைக்கும் நடுவே விரிசல் விட்டுவிட்டது. அவள் அழுதாள். கோழி வலை ஒரு துண்டு உள்ளே வைத்து மறுபடி செய்யலாம் என்று அவர் சமாதானப்படுத்தினார். அழுகை நின்றதும் அவளுக்கு வேறு கவலை வந்தது. காலி இடம் காலியாகவே இருந்தால் தாத்தாவுக்கு எப்படித் தெரியும், அது அம்மாவின் இடம் என்று?

அந்த வாரம் பூராவும் அவள் உங்களைத் தேடினாள். அலமாரியைத் திறப்பாள், மூடுவாள். உங்கள் செருப்பை எடுத்துப் பார்த்தாள். "செருப்புக்கு வெரல் இல்ல" என்று வைத்துவிட்டாள். ஒரு நாள் நான் கடையிலிருந்து வந்து உட்கார்ந்ததும், சோப்பு நுரையோடு ஓடி வந்தாள். ஒரு பவுடர் டப்பாவிலிருந்து இரண்டு சிவப்புக் கண்ணாடி வளையல்களை எடுத்து என் இடது கையில் ஏற்ற ஆரம்பித்துவிட்டாள். என்ன வளையல், எதற்கு என்று கேட்பதற்குள் இரண்டும் மணிக்கட்டுக்கு வந்துவிட்டன. நெருக்கவும் இல்லை, தொளதொளக்கவும் இல்லை.

"அம்மா வளையல்" என்றாள். அவள் முகத்தைப் பார்க்க வேண்டும் நீங்கள். கணக்குப் பரீட்சையில் நூற்றுக்கு நூறு வாங்கின மாதிரி. "உங்க கையும் அம்மா கையும் ஒரே சைஸு!"

இரண்டாவது கல்லுக்குக் கலவை போட்ட அன்று அவள் எனக்கு விளக்கிச் சொன்னாள். "இப்ப நீங்க வளரம்மா இல்ல. அம்மா. கொஞ்ச நேரம்தான். சரியா?"

நான் அவரைப் பார்த்தேன். அவர் கரண்டியால் கலவையைத் தட்டிச் சமன் செய்துகொண்டிருந்தார். தட்டினதையே தட்டிக்கொண்டிருந்தார்.

"என்னங்க, வைக்கவா?"

"சின்னப் புள்ள ஆசை" என்றார். வை என்றும் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

வைத்தேன். யாழினி என் கை மேல் தன் இரண்டு கையையும் வைத்து அழுத்தினாள். வளையல் போய் மணிக்கட்டுப் பக்கம் இரண்டு கோடாகப் பதிந்தது. கலவை சில்லென்று இருந்தது. எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? நான் என் கையை வைக்கிறேனா, இல்லை உங்களுக்கு என் கையை இரவல் தருகிறேனா? தருகிறேன் என்றால் நீங்கள் கேட்டீர்களா? கேட்காமல் ஒருத்தி உங்கள் இடத்தில் கை வைத்தால் உங்களுக்குக் கோபம் வராதா? எடுத்த பிறகு பார்த்தால், வெங்காயம் நறுக்கும்போது என் கட்டைவிரலில் பட்ட வெட்டுத் தழும்பு கூட அதில் தெளிவாக விழுந்திருந்தது. அவர் கை கழுவப் போனவர் குழாயடியில் ரொம்ப நேரம் நின்றார்.

பிறகு அவரிடம் தனியாகக் கேட்டேன், இதைச் செந்துறைக்குக் கொண்டுபோகத்தான் வேண்டுமா என்று. "விடு வளரு, ரொம்ப யோசிக்காத" என்றார். அக்கா, உங்களிடமும் இப்படித்தான் சொல்வாரா? யோசிக்காதே என்று சொன்னால் யோசனை நின்றுவிடும் என்று அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தது?

ஈரச் சாக்கு போட்டு நனைத்து நனைத்துப் பொங்கலுக்குள் கல் கெட்டியாகிவிட்டது. காணும் பொங்கல் அன்று செந்துறைக்குப் புறப்பட்டோம். யாழினியை அவர் மட்டும்தான் எப்போதும் கூட்டிப் போவார். நான் போனதில்லை. என்னைக் கூப்பிட்டதும் இல்லை, வர வேண்டாம் என்று சொன்னதும் இல்லை. இந்தத் தடவை யாழினி என் கையை விடவில்லை. கல்லைத் துண்டில் சுற்றி ஒயர் கூடையில் வைத்து மடியில் வைத்துக்கொண்டேன். பஸ்ஸில் கண்டக்டர் கூடையைத் தூக்கி ஓரமாக வைக்கப் பார்த்து, "என்னம்மா, ஆட்டுக்கல்லா?" என்றார். பஸ்ஸில் எல்லாரும் சிரித்தார்கள். என்னால் சிரிக்க முடியவில்லை. உங்கள் அப்பா அம்மாவை என்னவென்று கூப்பிடுவது என்று அவரிடம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"எப்படியாச்சும் கூப்புடு" என்றார்.

உங்கள் அம்மா வாசலிலேயே நின்றிருந்தார். யாழினியைக் கட்டிக்கொண்டு, "ஏன்டி தங்கம், இப்படி எளச்சுப்போயிட்ட" என்றார். அதை நான் என் மேல் சொன்ன குறையாக எடுத்துக்கொண்டேன். என்னிடம் "வாங்க, பஸ்ஸு கூட்டமா?" என்றார். அந்த 'ங்க' சுத்தமாக இருந்தது, துடைத்து வைத்த டம்ளர் மாதிரி. விருந்தாளிக்குக் கொடுக்கிற 'ங்க'.

உள்ளே நீங்கள் இருந்தீர்கள். சுவரில், சீரியல் பல்பு சுற்றி, புதுக் கதம்பம் போட்டு. எங்கள் வீட்டில் இருக்கும் அதே படம்தான். ஆனால் இங்கே பெரிதாக்கி மாட்டியிருந்தார்கள். அந்த வீட்டில் எங்கே உட்கார்ந்தாலும் நீங்கள் என்னைப் பார்க்கிற மாதிரிதான் இருந்தது. டிவியில் ஜல்லிக்கட்டு ஓடிக்கொண்டிருந்தது. உங்கள் அப்பா அதற்கு ரொம்பப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு கண்ணிலும் புரை முற்றிவிட்டது. மாடு தெரிகிறது, ஆள் தெரியவில்லை என்றார்.

யாழினிக்குப் பொறுமை இல்லை. கல்லைத் தாத்தா மடியிலேயே வைத்துத் துண்டைப் பிரித்துவிட்டாள். "தாத்தா, நானே செஞ்சது. எது யாரு கைன்னு தொட்டுப் பாத்து சொல்லுங்க!"

அவர் கையை மெதுவாகக் கொண்டுபோனார். வலது ஓரத்தில் தடவி, "இது மாப்ள கை. எம்மாம் பெருசு" என்றார். நடுவில் தடவிவிட்டு, "இது எந்தங்கம்" என்று யாழினியின் கன்னத்தைக் கிள்ளினார். இடது ஓரத்துக்கு வந்தார். விரலை ஒவ்வொன்றாக உள்ளே வைத்தார். வளையல் கோட்டுக்கு வந்து நின்றுவிட்டார்.

"இது யாருது?"

"அம்மா, தாத்தா" என்றாள் யாழினி.

டிவியில் ஒரே கூச்சல். அவர் கையை எடுக்கவே இல்லை. முகத்தைக் கொஞ்சம் மேலே தூக்கிக்கொண்டார், சாமி கும்பிடுகிறவர் மாதிரி. "இது எப்ப வச்சுது?" என்று கேட்டார். குரலே வேறாக இருந்தது. "சொல்லவே இல்லையே. எப்ப வச்சுது?"

யாழினியின் அப்பா தரையைப் பார்த்தார். உங்கள் அம்மா கல்லைப் பார்த்தார், பிறகு என் கையைப் பார்த்தார். யாழினி எங்கள் எல்லாரையும் மாறி மாறிப் பார்த்தாள். உங்கள் அப்பாவின் விரல்கள் என் விரல்களின் பள்ளத்துக்குள் இருந்தன, அக்கா. நான் நாலடி தள்ளி உட்கார்ந்திருந்தேன். யாரோ என் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிற மாதிரி எனக்கு உள்ளங்கை கூசியது. என்னால் தாங்க முடியவில்லை.

"அப்பா, அது என் கைங்க" என்றேன். வாயில் அப்பா என்றுதான் வந்தது. "பாப்பா ஆசப்பட்டா. அளவு ஒண்ணா இருந்துச்சு, அதான்…"

அவர் கையை எடுத்துவிட்டார். கல்லை யாழினியிடம் கொடுத்துவிட்டு, எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு பின்பக்கம் போய்விட்டார்.

உங்கள் அம்மாதான் பேசினார். "அதான பாத்தேன். எம்பொண்ணுக்கு வெரலு நீளம்." அப்புறம் என்னை நேராகப் பார்த்தார். "எதுக்கும்மா இந்த வேல? உன் கைய உன் கைன்னு சொல்லிக் குடுத்தா நான் வேணாம்னா சொல்லப்போறேன்? அவ கை மாதிரி வச்சு எங்கள ஏமாத்தணுமா?"

"ஏமாத்தல அம்மாயி!" யாழினி அழ ஆரம்பித்துவிட்டாள். "அம்மா வளையலப் போட்டுப் பாத்துட்டுதான் வச்சோம். செவப்பு வளையல். கரெக்டா இருந்துச்சு."

"எந்த வளையலு?"

"பவுடர் டப்பால இருந்துச்சே, ரெண்டு."

உங்கள் அம்மா கல்லை வாங்கி வளையல் கோட்டைப் பார்த்தார். கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். "அது வளகாப்புக்கு நான் போட்டு வுட்டது" என்றார். யாழினியிடம்தான் சொன்னார். "நீ உங்கம்மா வயித்துக்குள்ள இருந்த. ரெண்டு கையும் நெறயப் போட்டோம். நீ பொறந்தொடன எல்லாத்தையும் கழட்டிட்டா. ரெண்டு மட்டும் எடுத்து வச்சிருக்கா பாரு." சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். உள்ளே பாத்திரச் சத்தம் மட்டும் கேட்டது.

எனக்கு அது வளைகாப்பு வளையல் என்று தெரியாது, அக்கா. தெரிந்திருந்தால் போட்டிருப்பேனா? அதுவும் தெரியவில்லை. நான் இன்னும் பிள்ளை பெறவில்லை. பெறுவேனா, வேண்டுமா என்றும் அவரும் நானும் பேசி முடிக்கவில்லை. உங்கள் வளைகாப்பு வளையலைப் போட்டுக்கொண்டு சிமெண்டில் கை வைத்தவள் என்று என்னை நானே நினைத்தால் ஒரு நேரம் உடம்பு சிலிர்க்கிறது, ஒரு நேரம் பயமாக இருக்கிறது.

சாப்பிட்டோம். இலையில் எனக்கு மட்டும் கறியை அள்ளி அள்ளி வைத்தார் உங்கள் அம்மா. போதும் என்று கை காட்டினாலும் விடவில்லை. கோபத்தில் வைக்கிறாரா, பிரியத்தில் வைக்கிறாரா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சாப்பிட்டேன். வேறு என்ன செய்வது?

கிளம்பும்போது உங்கள் அப்பாவிடம் சொல்லிக்கொள்ளப் பின்பக்கம் போனேன். மோட்டார் ரூம் பக்கம் உட்கார்ந்திருந்தார். அடுத்து முந்திரிக் காடு. என் செருப்புச் சத்தத்தை வைத்தே, "இங்க வாம்மா" என்றார். போய் நின்றேன்.

"அது எம்பொண்ணு கை இல்லன்னு எனக்குத் தெரியும்" என்றார். "பள்ளிக்கூடத்துக்கு அந்தக் கையப் புடிச்சு நடந்தவன் நானு. தொட்டதுமே தெரிஞ்சுது."

"அப்புறம் ஏங்க எப்ப வச்சுதுன்னு கேட்டீங்க?"

காட்டுப் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார். "கொஞ்ச நேரம் அப்படியே இருக்கட்டுமேன்னு பாத்தேன்."

அக்கா, அந்த நிமிடத்தில் பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்று இருந்தது. உண்மையைச் சொல்லிவிட்டேன் என்று அதுவரைக்கும் எனக்குள் ஒரு தைரியம் இருந்தது. அது போய்விட்டது. "அப்ப நான் சொல்லியிருக்கக் கூடாதாங்க?" என்று கேட்டேன்.

அவர் தோள் துண்டை உதறிப் போட்டுக்கொண்டார். "எனக்கும் தெரியலம்மா" என்றார். அப்புறம், "ஆறு மணி பஸ்ஸ வுட்டா அடுத்து கூட்டமா இருக்கும். கெளம்புங்க" என்றார்.

ஒருவர் ஏன் மறைத்தாய் என்கிறார். ஒருவர் ஏன் சொன்னாய் என்கிற மாதிரி சொல்கிறார். இரண்டு பேரும் உங்களைப் பெற்றவர்கள். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நான் யார் பேச்சைக் கேட்டிருக்க வேண்டும்?

திரும்பி வரும்போது யாழினி ஜன்னலோரம் உட்கார்ந்து கம்பியை விரலால் தட்டிக்கொண்டே வந்தாள். பிறகு, "வளரம்மா, இப்ப அது யாரு கை?" என்றாள்.

"ரெண்டு பேரு கையும்தான்" என்றேன்.

"ஒரு கை எப்படி ரெண்டு பேரு கையா ஆவும்?"

அவருக்குக் கேட்டிருக்கும். பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். கண்ணை மூடிக்கொண்டு தூங்குகிற மாதிரி இருந்தார். கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்கக் கூட இல்லை. நான் முந்தானையால் துடைத்துவிட்டேன். அதற்கும் கண்ணைத் திறக்கவில்லை. நீங்கள் போனபோது அழாத மனுஷன் என்று ஊரில் சொல்வார்கள். இப்போது எதற்கு அழுதார், உங்களுக்காகவா, உங்கள் அப்பாவுக்காகவா? கேட்டால் விடு என்பார். நான் கேட்கவில்லை.

அதற்கப்புறம் மூன்று நாலு வாரம் ஒரு சேதியும் இல்லை. வழக்கமாக ஞாயிற்றுக்கிழமை அவர் போனுக்கு உங்கள் அம்மா கூப்பிடுவார், யாழினி பேசுவாள். அது நடந்தது. கல்லைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. யாழினியும் கேட்கவில்லை. பள்ளியில் டீச்சர், தாத்தா என்ன சொன்னார் என்று கேட்டதற்கு, "புடிச்சிருக்குன்னாரு மிஸ்" என்று சொல்லியிருக்கிறாள். பொய் சொல்கிறாளே என்று திட்டுவதா, பாவம் என்று விடுவதா? அதிலும் எனக்குக் குழப்பம்தான்.

போன வாரம் நான் கடையில் இருக்கும்போது என் போனுக்கு ஒரு அழைப்பு வந்தது.

"நான் செந்துறையிலேருந்து பேசுறேன்" என்றார் உங்கள் அம்மா. என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று அவருக்கும் தெரியவில்லை போலிருக்கிறது. "வேலையா இருக்கியா?"

"இல்லங்கம்மா, சொல்லுங்க."

"அவருக்குக் கண்ணு ஆபரேசனுக்கு நாள் குடுத்துட்டாங்க, பெரம்பலூருல. மாப்ளைக்கு ஷிப்டு இருக்கும். நீ மருந்துக்கடையில இருக்கறவ. சொட்டு மருந்து ஊத்துற நேரங்காலம் ஒனக்குத் தெரியும். கூட வர்றியா?"

வருகிறேன் என்றேன். எங்கள் அம்மா வீடு செட்டிகுளம்தான், பெரம்பலூரிலிருந்து பக்கம், ஆபரேஷன் முடிந்ததும் இரண்டு நாள் அங்கே தங்கிக்கொள்ளலாம், அலைச்சல் இல்லாமல் இருக்கும் என்றும் சொன்னேன். சொன்ன பிறகுதான் அதிகமாகப் பேசிவிட்டோமோ என்று பயந்தேன். "அவுங்களுக்குச் செரமம் இல்லையா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "சரி, பாப்போம்" என்றார்.

போனை வைக்கப் போகிற நேரத்தில் என்னால் அடக்க முடியவில்லை. "அம்மா, அந்தக் கல்லு எங்கங்க இருக்கு?"

"அத ஏன் கேக்குற" என்றார். "யாழினி குடுத்ததாச்சேன்னு அமுதா படத்துக்குக் கீழ வச்சேன். மறுநாளே மனசு கேக்கல. உசுரோட இருக்குறவ கைய படத்துக்குக் கீழ வைக்கலாமா? ஒனக்கு ஆவாதுடி. எடுத்து டிவிகிட்ட வச்சேன். இந்த மனுசன் அத எடுத்துட்டுப்போயி கட்டிலுக்குப் பக்கத்துல வச்சுக்குறாரு. நான் எடுத்து வைக்க, அவரு தூக்கிட்டுப் போக. ஒரு நாளு காலுல போட்டுக்கப் போறாரு பாரு."

போனை வைத்த பிறகும் கல்லாப் பெட்டி பக்கத்தில் அப்படியே நின்றேன். வாடிக்கையாளர் ஒருவர் இருமல் மருந்து கேட்டுக்கொண்டே இருந்தார். எனக்குக் காதில் விழவில்லை. எனக்கு ஆகாது என்று ஒருவர் கல்லை எடுத்து மாற்றி வைக்கிறார், அக்கா. அதே கல்லை உங்கள் கை என்று ஒருவர் கட்டிலோரம் வைத்துக்கொள்கிறார். இல்லை, உங்கள் கை இல்லை என்று தெரிந்தேதான் வைத்துக்கொள்கிறாரோ? அப்படியென்றால் அங்கே அவர் எதை வைத்துக்கொண்டிருக்கிறார்? நேரில் கேட்டால் அவருக்கும் தெரியாது என்பார். நான் கேட்கப்போவதில்லை.

ஆபரேஷன் வருகிற வியாழக்கிழமை. மறுநாள் காலையில் கட்டைப் பிரிப்பார்கள். பிரித்ததும் முதலில் மங்கலாகத்தான் இருக்கும், பிறகு தெளியும். எங்கள் கடைக்கு வருகிற எத்தனையோ பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். நிறமெல்லாம் பளிச்சென்று தெரியும் என்பார்கள். வெள்ளையை இப்போதுதான் பார்த்த மாதிரி இருக்கிறது என்பார்கள்.

மற்றது எல்லாவற்றிலும் எனக்குக் குழப்பம்தான், அக்கா. ஆனால் ஒன்றை மட்டும் உங்களுக்கு உறுதியாகச் சொல்கிறேன். பள்ளிக்கு லீவு சொல்லி யாழினியையும் கூட்டிப் போகிறேன். கட்டைப் பிரிக்கும்போது தாத்தா எதிரே அவளைத்தான் நிறுத்துவேன். அவளுக்கு உங்கள் நெற்றி, உங்கள் புருவம். சிரித்தால் ஒரு பக்கமாகக் கோணுகிற அந்த உதடும் உங்களுடையதுதான், படத்தில் பார்த்திருக்கிறேன். உங்கள் அப்பாவின் கண் தெளியும்போது முதலில் தெரிவது அந்த முகமாக இருக்கட்டும். அன்றைக்காவது தலை வார இரண்டு நிமிடம் நில் என்று கெஞ்சிக் கேட்டு, நன்றாகப் பின்னிவிட்டு, உங்கள் அம்மா கொண்டுவருகிற பூவை வைத்து நிறுத்துகிறேன்.

நான் எங்கே நிற்பது என்று இன்னும் முடிவு செய்யவில்லை. பின்னால் ஒளிந்து நின்றால் உங்கள் அம்மா திட்டுவார். முன்னால் வந்து நிற்க எனக்குக் கால் வராது. யாழினியின் பக்கத்திலேயே நின்றுகொள்கிறேன், அவள் கையைப் பிடித்துக்கொண்டு.

அன்புடன்,
உங்களுக்குப் பின்னால் வந்த தங்கை,
வளர்மதி
அரியலூர்